பேர் கேட்டு உட்கார்ந்த வண்டு

எங்கள் ஊர் சாரல்குறிச்சியில், ஆனி மாதத்து முதல் சாரல் விழுந்த அன்று காலையில், டீக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் சட்டைக் காலரில் ஒரு மரவட்டை ஏறி உட்கார்ந்து, தட்டினாலும் விழாமல், ஊதினாலும் நகராமல் அப்படியே இருக்க, அண்ணாச்சி வெறுத்துப்போய், "ஏ மரவட்ட, ஒனக்கு என்னதான் வேணும்?" என்று கேட்டதும், அதற்குத்தான் காத்திருந்தது போல முதுகு வழியாக இறங்கித் தன் பாட்டுக்குப் போய்விட்டது. இப்படித்தான் ஆரம்பித்தது. காரணம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, அந்த மரவட்டைக்கும் தெரிந்திருக்காது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க இதே கதைதான். வயலிலிருந்து வந்தவர்கள் தோளில் தட்டான், பள்ளிக்கூடம் விட்டு வந்தவர்கள் பையில் நத்தை, குளத்தில் துவைத்துவிட்டு வந்தவர்கள் ஈரச்சேலையில் நீர்ப்பூச்சி, கோயிலுக்குப் போனவர்கள் கும்பிட்ட கையிலேயே கும்பிடுபூச்சி என்று ஆளுக்கொன்று வந்து உட்கார்ந்தது, ஒன்றும் கடிக்கவில்லை, ஒன்றும் கொட்டவில்லை, தேள்கூட வாலை மடக்கி வைத்துக்கொண்டு விருந்துக்கு வந்த மாதிரி மரியாதையாகத்தான் இருந்தது, பேரைச் சொன்னால் போதும், சரியான பேராக இருந்தால் எழுந்து போய்விடும், தப்பான பேராக இருந்தால் அதே ஜாதியில் இன்னொன்று எங்கிருந்தோ வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வாரம் பயந்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். மினி பஸ் கண்டக்டர், "பூச்சியெல்லாம் எறக்கி விட்டுட்டு ஏறுங்க, உள்ள எடம் இல்ல," என்று கத்த ஆரம்பித்தார். ரேஷன் கடையில் கட்டைவிரலில் ஊசித்தட்டான் உட்கார்ந்திருந்தால் ரேகை மிஷின் எடுக்காது, அதனால் வரிசையில் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துப் பேர் சொல்லி அனுப்பிவைப்பது என்று ஒரு நாகரிகம் உண்டாகிவிட்டது. மேலத்தெருவில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் மூக்கில் பச்சையாக ஒன்று முன்னங்கால் இரண்டையும் கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க, காபித் தட்டோடு வந்த பெண் தட்டைக் கீழே வைக்காமலே, "பெருமாள் பூச்சி," என்றாள். அது பறந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்றெல்லாம் இழுக்காமல் அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள். கீழத்தெருக்காரர்கள், "அது கும்பிடுபூச்சில்லா, அவ சொன்னது செல்லாது," என்று கொஞ்சநாள் வம்பு பேசினார்கள். பூச்சிக்கு அதிலெல்லாம் பிடிவாதம் இல்லை. ஒரு தெருவில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் பேருக்கும் எழுந்து போகும்.

ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. இங்கே யாருக்கும் 'தெரியாது' என்ற வார்த்தை வாயில் வராது. தாகம் என்று வந்தவனை வெறும் செம்பைக் காட்டி அனுப்புவது மாதிரி அது, அவ்வளவு அவமானம். ஆலங்குளத்துக்கு வழி கேட்ட லாரி டிரைவருக்கு மூன்று பேர் மூன்று பக்கம் கை காட்டி, அவர் மூன்றையும் நம்பி ஓட்டிக் கடைசியில் கிளம்பின இடத்துக்கே போய்ச் சேர்ந்தார், அவர்களும் கெட்ட எண்ணத்தில் காட்டவில்லை, கேட்டவர் மனசு நோகக்கூடாது என்றுதான் காட்டினார்கள். இப்படிப்பட்ட ஊரில் பூச்சி வந்து பேர் கேட்டால் என்ன ஆகும்? வாய்க்கு வந்ததைச் சொல்லி, ஒன்றை நாலாக்கி, நாலைப் பத்தாக்கி, ஆறுமுகநயினார் அண்ணாச்சி ஒரு மாதம் முழுக்க மீசையில் குழியானைப் பூச்சிகளோடுதான் டீ ஆற்றினார்.

நான் அந்த வியாதி இல்லாதவள். பெருமைக்குச் சொல்லவில்லை, அதனால் நான் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சையில் தெரியாத கேள்விக்கெல்லாம் 'தெரியாது' என்று எழுதிவைத்தேன். விலங்கியல் சார் அம்மாவைக் கூப்பிட்டு, "மண்புழுவப் பத்திக் கேட்டா தெரியாதுன்னு எழுதியிருக்கா. எதையாவது எழுதி ரெண்டு பக்கம் நெரப்பியிருந்தா நான் பாஸ் போட்டிருப்பேன்லாம்மா," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். நல்ல மனுஷன். ஆனால் மண்புழுவைப் பற்றித் தெரியாதவள் மண்புழுவைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதினால் மண்புழுவுக்கு என்ன மரியாதை? அதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன். வீட்டில் சொளவை, அதான் முறத்தை, மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறேன், அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா பேச்சித்தாய்க்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிரசவம், அதனால் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பெண் பிள்ளை, செண்பகவல்லி என்று பேர் வைப்பது கல்யாணத்தன்றைக்கே முடிவான விஷயம், அதில் சண்டை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆட்டோவை விட்டு இறங்கின நிமிஷத்தில், பிள்ளையின் இடது மணிக்கட்டில், வசம்பு கட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரு வண்டு வந்து உட்கார்ந்தது. புளியங்கொட்டை அளவு இருக்கும். முதுகு, தேங்கின தண்ணீரில் மண்ணெண்ணெய் சிந்தினால் ஒரு நிறம் ஓடுமே, அந்த நிறம். மீசை ரெண்டும் பேன் வாருகிற ஈருவளி மாதிரி பல் பல்லாக இருந்தது. அந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

"பொன்வண்டு," என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல். ரெண்டாச்சு.

"ஏம்மா சும்மா இருக்க மாட்டியா?" என்றேன்.

"பெறவு, வந்தத வான்னு கேக்காம இருக்கச் சொல்லுதியா?"

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சோப்பு டப்பா, பவுடர் டப்பாவோடு ஆளுக்கொரு பேரும் கொண்டுவந்தார்கள். சுப்புத்தாய் பெரியம்மை, "பிள்ள மேல இருக்குன்னா அது பிள்ளப்பூச்சிதாம்ளா, இதுக்கு ஒரு யோசனையா?" என்றாள். தபால்காரர் சாணி வண்டு என்றார், மேலத்தெருக்காரர்கள் அரக்கு வண்டு என்றார்கள், மருதாணி வண்டு என்று அந்த இடத்திலேயே ஒரு பேரைச் சமைத்தாள் ஒருத்தி. வார்டு மெம்பர் தன் செல்போனில் போட்டோ எடுத்து, பேர் கண்டுபிடித்துச் சொல்லும் ஒன்றில் போட்டார். போனும் எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்திருக்கும் போல, தெரியாது என்று சொல்லாமல், காபிக்கொட்டை என்று சொன்னது. அதற்கும் ஒரு வண்டு வந்தது.

ஆடி பிறக்கும்போது பிள்ளை வண்டாலேயே சட்டை போட்ட மாதிரி ஆகிவிட்டாள். கை, கால், வயிறு, கழுத்து எல்லாம் மினுமினுவென்று. அவளுக்கு என்னவோ அது பிடித்திருந்தது, தூக்கத்தில் சிரித்தாள், அவள் சிரித்தால் அத்தனை வண்டும் சேர்ந்து குலுங்கின. அக்காவுக்குத்தான் முடியவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட முடியாது, காலில் போட்டு நீவிவிட முடியாது. ஒருநாள் சோற்றைக் கையில் பிசைந்தபடியே இருந்துவிட்டு, "இசக்கி, நான் இன்னும் எம்பிள்ளைக்கு ஒழுங்கா ஒரு முத்தம் கொடுக்கல ட்டி," என்றாள். நெற்றியும் மூக்கும் வாயும் வலது உள்ளங்காலும்தான் மிச்சம் இருந்தன. ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் பாசம் காட்டினால் மூக்கும் வாயும் போய்விடும், அப்புறம் பிள்ளை எப்படிப் பால் குடிக்கும், எப்படி மூச்சு விடும்?

நான் பீடிச் சொளவைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே போகிறவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. "பிள்ளயப் பாக்கணும்னா பாருங்க, வண்டப் பாக்காதிய," என்று சொல்லித்தான் அனுப்பினேன். சுப்புத்தாய் பெரியம்மை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு போய், திணித்துக்கொண்டே வெளியே வந்து, தெருமுனையில் போய் முந்தானையை எடுத்து, "கடம்ப வண்டு!" என்று கத்தினாள். சனியன், அது அங்கிருந்தும் கணக்கில் சேர்ந்தது. ஆனால் பெரியம்மை மாதிரி ஆட்கள் குறைந்த பிறகும், நான் கண் இமைக்காமல் காவல் இருந்தும், தினமும் சாயங்காலம் பார்த்தால் வண்டு கூடியே இருந்தது. எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊர்ப் பேச்சு பஸ் ஏறிப் போய், பூச்சி ஆராய்ச்சி செய்கிற ஜெபக்கனி மேடம் ஒருநாள் காலையில் வந்து இறங்கினார். கழுத்தில் ஒரு லென்ஸ், காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஒரு சில்வண்டு. வாசலில் என்னைப் பார்த்ததும், "இது என்னன்னு தெரியும், இருக்கட்டும்னு விட்டுவச்சிருக்கேன், துணைக்கு," என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இருந்தாலும், "உள்ள போயி பேரு கீரு சொல்லிராதிய," என்றேன்.

சரி சரி என்றவர், பிள்ளை மேல் குனிந்து லென்ஸை வைத்ததும் தொழில் புத்தியில், சர்ச்சில் பாடுகிற மாதிரி இருக்குமே, லத்தீனோ என்னவோ, அந்தப் பாஷையில் ஒரு பேரை முணுமுணுத்துவிட்டார். அந்தப் பேரில் ரெண்டு சொல். சொல்லுக்கு ஒன்றாக ரெண்டு வண்டு வந்து நெற்றியில் உட்கார்ந்தன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் இன்னும் குனிந்து, அதன் மீசையைப் பார்த்து, காலைப் பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து, நிமிர்ந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில் சாதாரணமாக, "இல்ல, இது அது இல்ல. எனக்குத் தெரியலம்மா," என்றார்.

நெற்றியிலிருந்த ரெண்டும் எழுந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டன.

நான் சொளவை அப்படியே போட்டேன், புகையிலைத் தூள் தரையெல்லாம் கொட்டியது.

"மேடம், இப்ப என்ன சொன்னிய?"

"தெரியலன்னு சொன்னேன்."

"இப்படிச் சொன்னா உங்களுக்குச் சம்பளம் குடுப்பாங்களா?"

"வருஷத்துல பாதி நாள் அதத்தான் சொல்லுதோம், மீதி நாள் அத எழுதி அனுப்புதோம். இந்த வண்டுக்கு இன்னும் யாருமே பேரு வைக்கல போலருக்கு."

"நான் பரீட்சையில அப்படித்தான் எழுதுனேன்."

"மண்டு. பரீட்சையில எழுதுவாங்களா?" என்று சிரித்தார். ஆனால் அதைச் சொல்லும்போது என் தலையில் கை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார்.

எனக்குப் பொறுமை கிடையாது. அன்றைக்கு மத்தியானமே தெருத்தெருவாகப் போய், யார் யார் பேர் சொன்னீர்களோ வந்து அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள் என்று கூப்பிட்டேன். வெயிலும் சாரலும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. வந்தார்கள், வீட்டு வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் வரிசை நின்றார்கள், வந்து பிள்ளைக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார்கள், வார்த்தைதான் வரவில்லை. முதலில் அம்மாதான் சேலையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள், ஒன்று போனது. தபால்காரர் மூன்று தடவை இருமிவிட்டுச் சொன்னார். வார்டு மெம்பர், "தற்சமயம் இது சம்பந்தமான தகவல் இல்லை," என்றார். வண்டு அசையவில்லை. ஆறுமுகநயினார் அண்ணாச்சி, "விசாரிச்சுச் சொல்லுதேன்," என்றார். அதுவும் அசையவில்லை. சுப்புத்தாய் பெரியம்மை, "யாரு கண்டா?" என்றாள், அவளுடைய வண்டுகள் பாதி எழுந்து, யோசித்து, திரும்ப உட்கார்ந்தன.

"பெரியம்ம, நேராச் சொல்லு."

"கழுத, ஒங்க பெரியப்பா எங்க போனாருன்னு கேட்டப்பக்கூட நான் அந்த வார்த்தய வாயில எடுத்ததில்லட்டி."

"இப்ப எடு. பிள்ள மூக்குல ஏறப்போவுது."

பெரியம்மை கண்ணை இறுக மூடிக்கொண்டு, உப்பை விழுங்குகிற மாதிரி, "தெரியாது தாயி," என்றாள். சொன்னதும் எழுந்து பறந்த வண்டுகளை அண்ணாந்து பார்த்தவள், சட்டென்று லேசாகிவிட்ட மாதிரி, "இது நல்லாருக்கே!" என்று சிரித்து, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்து மெம்பரும் சொன்னார், அண்ணாச்சியும் சொன்னார், போட்டோவை அழித்துவிட்டுப் போனுக்காகவும் ஒரு தடவை மெம்பரே சொன்னார். தெரியாது, தெரியாது, தெரியாது என்று அந்தத் தெரு முழுக்க ஒரே சத்தம், ஏதோ பஜனை மாதிரி. வண்டுகள் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக மலைப்பக்கம் போய்க்கொண்டே இருந்தன.

வரிசை முடிந்தது. பிள்ளையைப் பார்த்தால் இன்னும் முக்கால்வாசி வண்டு அப்படியே இருந்தது.

"யாருடா இன்னும் பாக்கி?" என்று நான் கத்தினேன். தொட்டில் பக்கத்தில் சுவரோடு சுவராக அத்தான் நின்றிருந்தார். அக்கா புருஷன், வண்டிமலையான், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து, சாப்பிடாமல் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். பிள்ளை காதில் என்னவோ கொஞ்சுகிறார் என்றுதான் நானும் அவரை மட்டும் தடுத்ததில்லை.

"அத்தான், நீங்களா?"

"எனக்குத் தெரிஞ்ச பேரெல்லாம் சொல்லிப் பாத்தேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. "லோடு ஏத்தப் போற ஊர்லல்லாம் கேட்டுக் கேட்டு வந்து சொல்லுவேன். ஒண்ணாவது சரியா இருக்காதான்னு."

"இத்தனையும் நீங்க கூட்டிட்டு வந்ததுதானா? நாசமாப் போச்சு. சொல்லுங்க, தெரியாதுன்னு."

"அது எப்படிட்டி சொல்லுவேன்? பெத்த அப்பன். எம்பிள்ள மேல வந்து ஒக்காந்திருக்கது என்னன்னு எனக்கே தெரியாதுன்னா, பெறவு நான் எதுக்கு இருக்கேன்?" என்றவர், விட்டால் பிடிவாதம் தலைக்கு ஏறும் இல்லையா, நான் வாயைப் பொத்துவதற்குள் குனிந்து, "தங்க அரணை வண்டு," என்று சொல்லிவிட்டார்.

ஒன்று வந்தது. பிள்ளையின் கீழ் உதட்டில் உட்கார்ந்தது. பிள்ளை பாலுக்கு வாயைத் திறக்கப் பார்த்து, முடியாமல், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகப் பயந்து அழுதாள், சத்தமில்லாமல், முகம் மட்டும் சிவந்து.

அக்கா எழுந்து அத்தான் கையைப் பிடித்தாள். திட்டவில்லை, அழவில்லை. "எனக்கும்தான் தெரியாது," என்றாள். "ஏன் அழுதான்னு தெரியாது, ஏன் சிரிக்கான்னு தெரியாது. தெனமும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் சொல்லுங்க, நாம ரெண்டு பேருமா இருந்துக்கிடலாம்."

அத்தான் தொட்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு, பிள்ளை முகத்துக்கு நேராக, "தெரியாதும்மா," என்றார். "அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது தாயி."

அத்தனையும் ஒரே சமயத்தில் எழுந்தன. வீட்டுக்குள் மண்ணெண்ணெய் நிறத்தில் ஒரு மேகம் சுற்றியது, சுவர், விளக்கு, அரிசி டின், சாமி படம், எங்கள் மூஞ்சி எல்லாவற்றிலும் அந்த நிறம் ஓடியது, அப்புறம் ஜன்னல் போதாமல் வாசல் வழியாக, வரிசை முடிந்தும் போகாமல் நின்றவர்கள் தலைக்கு மேலே, சாரலுக்குள்ளே போனது. தொட்டிலில் ஒரு பிள்ளை கிடந்தது, சின்னதாக, மாநிறமாக, வயிற்றில் ஒரு மச்சத்தோடு. அந்த மச்சம் வண்டுகளுக்கு அடியில் வந்திருக்கும் போல, அன்றைக்குத்தான் பார்த்தோம். அம்மா உடனே வெந்நீர் போடப் போனாள்.

இடது மணிக்கட்டில் மட்டும் ஒன்று மிச்சம். முதலில் வந்தது. அது யார் சொல்லியும் வரவில்லை, அதனால் யார் தெரியாது என்று சொல்லியும் போகவில்லை. மேடம் போட்டோ எடுத்துக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும்போது, "இருந்துட்டுப் போவட்டும்," என்றார். இருந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள், அது நனைந்துகொண்டு இருந்தது. அக்கா நெற்றியிலும் வயிற்றிலும் உள்ளங்காலிலும் ஆசை தீர முத்தம் கொடுத்தாள், அந்த மணிக்கட்டை மட்டும் வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்த நாற்காலி மாதிரி விட்டுவைத்தாள்.

ஊரும் மாறித்தான் போனது, கொஞ்சம். வழி கேட்கிற லாரிக்காரர்களிடம் ஆறுமுகநயினார் அண்ணாச்சி, "எனக்குத் தெரியாது வே, டீயக் குடிச்சிட்டுப் போரும்," என்கிறார். மீசையில் ஒன்றும் இல்லை. டீ நன்றாக விற்கிறது.

ஐப்பசியில் ஒருநாள் காலை, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் வாசலில் இருந்தேன். பீடி சுற்றவில்லை, பிள்ளை இருக்கும்போது புகையிலையைத் தொடமாட்டேன். அவள் தன் கையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள், அந்த வண்டைப் பார்த்தாள், வண்டும் மீசையை விரித்து அவளைப் பார்த்தது. இதழைக் குவித்து, கன்னம் குழிய, ஒரு சத்தம் கொடுத்தாள். ஒரே ஒரு சத்தம். வண்டு எழுந்தது, அவள் மூக்குக்கு மேலே ஒரு வட்டம் போட்டது, போய்விட்டது.

நான் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. பிள்ளை என்ன சொன்னாள் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். சுப்புத்தாய் பெரியம்மை, "ங்கா-ன்னு சொல்லியிருப்பா," என்றாள், அண்ணாச்சி, "ங்கூ," என்றார், மெம்பர் அதை எழுதிக் கல்வெட்டு வைக்கலாமா என்று கேட்டார். பழைய வியாதி அவ்வளவு சீக்கிரம் போகுமா? விஷயம் கேள்விப்பட்டு ஜெபக்கனி மேடமே போன் பண்ணினார்.

"ஏட்டி இசக்கி, நீதான் பக்கத்துல இருந்தியாம்ல. அந்த வண்டுக்குப் பேரு எழுதி அனுப்பணும், நான் பாட்டுக்கு ஒண்ணு வைக்க மனசு வரல. அவ என்ன சொன்னா?"

தெருவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள், புத்தகத்தில் ஏறும், உலகம் முழுக்க அதைப் படிக்கும்.

"தெரியாது மேடம்," என்றேன்.

அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது. இந்தப் பக்கம் அக்கா என் மடியிலிருந்து பிள்ளையை வாங்கி, வசம்பைத் தள்ளிவிட்டு, அந்த மணிக்கட்டில் வாயை வைத்தாள். இன்னும் எடுக்கவில்லை.